ஆடியில் மாறிய விலாசம்

எந்த நாளில் வீடு மாறினாய் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தலை சுற்றும். வீடு மாறுவது என்ன பெரிய வித்தையா? ஒரு கதவைப் பூட்டி இன்னொரு கதவைத் திறக்கிற வேலை. அந்த ஒரு வேலையை நான் மூன்று திகதிகளில் செய்திருக்கிறேன். மூன்றும் உண்மை, மூன்றுக்கும் சாட்சி உண்டு.

அப்போது நான் பாரிஸ் நகரத்து லாச்சப்பலில், மரக்கறிக் கடை ஒன்றுக்கு மேலே மூன்றாம் மாடியில், ஒற்றை அறையில் இருந்தேன். பக்கத்திலேயே, கோடை விடுமுறையிலும் நடக்கிற ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை. கலியாணம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இவர் யாழ்ப்பாணத்தில், நான் பாரிஸில். கலியாணத்துக்கு எடுத்த லீவு முடிய நான் தனியாகத் திரும்பி வந்து, இவரைக் கூப்பிட விண்ணப்பம் போட்டேன். எங்கள் ஆட்கள் அதை ஸ்பொன்சர் என்பார்கள். ஸ்பொன்சர் செய்கிறவருக்கு வேலை இருக்கவேண்டும், வருகிறவரை வைத்திருக்க ஒழுங்கான வீடு இருக்கவேண்டும். அந்த வீட்டை ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். இடையில் விலாசம் மாறினால் தாமதிக்காமல் அறிவிக்கவேண்டும். அறிவிக்காமல் விட்டால் விண்ணப்பக் கோப்பை மூடிவிடக்கூடும், மூடினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

இதை எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. லாச்சப்பல் தேத்தண்ணிக் கடைகளில் சட்டம் பேசுகிற அப்புக்காத்துமாருக்குப் பஞ்சமே கிடையாது. என்னோடு சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்த அக்கா ஒருத்தி, தட்டுக் கழுவுகிற சத்தத்துக்கு மேலால் தினமும் கத்துவாள்.

"ஸ்தேனிலை ஒருத்தி வீடு மாறினதை அறிவிக்கேல்லை. அவளின்ரை மனுசன் இன்னும் கொழும்பிலைதான் நிக்கிறார். உனக்கும் அந்தக் கதி வராமல் பாத்துக்கொள்."

எனக்கு அந்த ஸ்தேன் ஊர்க்காரியை யாரென்று தெரியாது. ஆனால் அவளை நினைத்தே பல இரவுகள் நித்திரை கெட்டிருக்கிறேன்.

கோப்பு வரிசையில் கிடந்த காலத்தில், அறைக்காரர் தன் மகள் படிக்க வரப்போகிறாள், ஓகஸ்ட் முடிவுக்குள் அறையை விடவேண்டும் என்றார். பயத்தில் ஊரெல்லாம் தேடி, பாரிஸுக்கு வெளியே திரான்சியில் இரண்டு அறை வீடு ஒன்று பிடித்தேன். வீட்டுக்காரர் பாண்டிச்சேரிக்காரர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதாகோயில் பூசைக்குப் போகிறவர். ஆனி மாத நடுவில் சாவியை என் கையில் தந்தார்.

"சாவி வாங்கிட்டீங்கல்ல? இனிமே இது உங்க வீடும்மா. அத்ரெஸை உடனே மாத்திடுங்க. இந்த ஊர்ல அத்ரெஸ்தான் மனுஷன்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, அன்றிரவே யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே மாமி பஞ்சாங்கத்தோடு காத்திருந்தார்.

"சாவி வாங்கினால் அது வீடே பிள்ளை? பால் காய்ச்சினால்தான் வீடு. ஆடிக்கை வீடு மாறக்கூடாது. ஆனி முடிய முந்திப் பாலைக் காய்ச்சிப்போடு. கடைசி வெள்ளி நல்ல நாள்."

இவர் பக்கத்தில் இருந்து, "அம்மா சொல்லுறதும் சரிதான்" என்றார். இவர் அம்மா சொல்லுவது பிழை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு பிள்ளையார் படம், ஒரு பால்பெட்டி, ஒரு புதுச் சட்டி, ஒரு பாய், இவ்வளவோடும் திரான்சிக்குப் போனேன். கதவடியில் நின்று தொலைபேசியில் காணொளி அழைப்பு எடுத்தேன். வலது காலை வைத்து உள்ளே போகும்போது தொலைபேசியை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டேன், இவரும் கூடவே உள்ளிடட்டும் என்று. குசினியில் சுவரோடு இருந்த தட்டில், உப்புப் பொட்டலத்தில் சாய்த்து இவரை வைத்தேன். மாமியின் அரை முகமும் தெரிந்தது.

அடுப்பு மின்சார அடுப்பு, கண்ணாடி மாதிரி வழுவழுப்பானது. பால் சூடாகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நான் ஜன்னலைத் திறக்கத் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து இவர் தட்டிலிருந்து கத்தினார். "பொங்குது! பொங்குது! இஞ்சை பாரும்!" திரும்பினால் பால் நாலு பக்கமும் வழிகிறது, அடுப்பு கீ கீ என்று கத்திவிட்டுத் தானே அணைந்துவிட்டது.

"எந்தப் பக்கத்தாலை பொங்கினது பிள்ளை?" என்று மாமி கேட்டார்.

"கிழக்காலை மாமி" என்றேன். எனக்குக் கிழக்கும் தெரியாது, மேற்கும் தெரியாது. மாமிக்குச் சந்தோஷம். இவர் கைதட்டினார். எனக்கும் அன்றைக்கு உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றிரவு அங்கேயே பாயை விரித்து, தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்து, இவரோடு கதைத்தபடியே படுத்தேன்.

மறுநாளே குந்தியிருந்து விலாசமாற்றப் படிவத்தை நிரப்பினேன். எங்கே தாமதித்து ஸ்தேன்காரியாகிவிடுவேனோ என்கிற பயம். அதில் ஒரு கேள்வி, இந்த விலாசத்தில் எந்தத் திகதியிலிருந்து வசிக்கிறீர்கள் என்று. கை நின்றுவிட்டது. இவரைக் கேட்டேன்.

"இதென்ன கேள்வி? பால் காய்ச்சின நாள்தானே. என்ரை கண்ணாலை பாத்தனான்."

அந்தத் திகதியையே போட்டு அனுப்பினேன். வீட்டு உடன்படிக்கையின் பிரதியும் கூடவே போனது. கடமை முடிந்தது என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டேன்.

அடுத்த கிழமை வீட்டுக்காரர் குளியலறைத் தரையை உடைத்துப் புதுக்கல் பதிக்க ஆள் விட்டார். குளிக்க வழியில்லை. பையைத் தூக்கிக்கொண்டு லாச்சப்பலுக்குத் திரும்பினேன், கட்டிலும் சட்டிபானையும் அங்கேதானே கிடந்தன. கல் பதித்து முடிந்தபோது ஆடி பிறந்துவிட்டது.

"திரும்பிப் பையோடை வெளிக்கிட்டிட்டாய். இனி ஆடிக்கை பையோடை உள்ளிடாதை" என்று மாமி தடை போட்டார். "ஆனால் பால் காய்ச்சின வீட்டை இருட்டிலையும் விடாதை. பின்னேரத்திலை ஒருக்காப் போய் விளக்கைக் கொளுத்திப்போட்டு வா."

இப்படி ஒரு சட்டம் உண்மையில் இருக்கிறதா, அல்லது மாமி அந்த நிமிஷத்தில் உண்டாக்கினாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் சொன்னபடி கேட்டேன். ஏன் கேட்டேன்? இவர் வரவேண்டும் என்பதற்காகத்தான். இந்த அரசாங்கம் சொல்வதையும் செய்வேன், மாமி சொல்வதையும் செய்வேன், இரண்டில் ஏதாவது ஒன்று இவரைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று நினைத்தேன். வேலை முடிய ரயிலேறித் திரான்சிக்குப் போய், விளக்கைக் கொளுத்தி, கடிதப் பெட்டியைப் பார்த்து, விளக்கு எரிந்து முடியும்வரை வெறும் தரையில் சம்மணம் கட்டி இருந்துவிட்டு, லாச்சப்பலுக்குத் திரும்பிவந்து படுப்பேன்.

ஒரு பின்னேரம் அந்தப் பெட்டியில் இரண்டு கடிதங்கள். நீ எங்கள் பகுதியை விட்டுப் போய்விட்டாய், கோப்பைப் புதிய இடத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றது கோப்பை வைத்திருந்த பாரிஸ் அரசாங்கக் கந்தோர். மற்றது நகரசபையிலிருந்து. வீட்டைப் பார்க்க வருகிறோம், திகதி இது. ஒரு வருஷத்துக்கு மேலாக அசையாத கோப்பு, ஆடியில் ஓடத் தொடங்கிவிட்டது.

வந்தவர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். அளவுநாடாவோடு அறை அறையாகப் போனார். ஜன்னலைத் திறந்தார், குழாயைத் திருகினார், புதுக்கல் பதித்த குளியலறையைப் பார்த்து நல்லது என்றார். பிறகு நடு அறையில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிள்ளையார், விளக்கு, சுருட்டிய பாய். குசினியில் உப்பு, மஞ்சள், ஒரு சட்டி.

"மேடம், நீங்கள் இங்கே எங்கே தூங்குகிறீர்கள்?"

"இங்கே இல்லை. லாச்சப்பலில்."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "ஆனால் இந்தத் திகதியிலிருந்து இங்கே வசிப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்."

"ஓம். அன்றைக்குப் பால் காய்ச்சினேன்."

என் பிரெஞ்சு சாப்பாட்டுக்கூடத்துப் பிரெஞ்சு. அதில் கரண்டி உண்டு, கிண்ணம் உண்டு, ஆடி இல்லை. ஒரு கூடாத மாதம் என்றேன். எதற்குக் கூடாது என்றார். வீடு மாறுவதற்கு என்றேன். ஆனால் மாறிவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே என்றார். பால் மாறிவிட்டது, கட்டில்தான் இன்னும் மாறவில்லை என்றேன். அவர் நெற்றியைத் தடவினார். எனக்கே நான் சொல்வது விளங்கவில்லை, அவருக்கு எப்படி விளங்கும்? கடைசியில் கேட்டேன், ஓகஸ்டில் உங்கள் கந்தோர் திறந்திருக்குமா என்று.

"இல்லை. எனக்கு நாளையிலிருந்து விடுமுறை. ஓகஸ்டில் ஒன்றும் நடக்காது, உங்களுக்குத் தெரியும்தானே."

"அதுதான் மேடம். அதுதான் ஆடி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளங்கிவிட்டது என்று நானும் சிரித்தேன். போகும்போது கைகுலுக்கினார். ஆனால் சிரித்தாலும் கண்டதைத்தான் எழுதுவார், அவருடைய வேலை அது.

புதிய கந்தோர் விடுமுறைக்கு மூடுமுன் அனுப்பிய கடிதம் வந்தபோது நான் அதை அந்த வெறும் வீட்டில், விளக்கு வெளிச்சத்தில் வாசித்தேன். பார்வையிட்டபோது நீங்கள் அந்த விலாசத்தில் வசிக்கவில்லை என்று தெரிகிறது, உண்மையான வசிப்பிடத்தையும் திகதியையும் அத்தாட்சியோடு விளக்கவும், தவறினால் கோப்பைத் தொடரமுடியாது. திரும்பத் திரும்ப வாசித்தேன். பாரிஸ் என்னைப் போய்விட்டாள் என்கிறது. இவர்கள் நான் இன்னும் வரவில்லை என்கிறார்கள். அப்படியென்றால் இந்தத் தரையில் குந்தியிருந்து கடிதம் வாசிக்கிறவள் யார்?

கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தால் ஓகஸ்ட். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இவருக்கு எடுத்தேன். கேட்டுவிட்டு இவர் சொன்னார், "ஏன் லாச்சப்பலிலை படுக்கிறன் எண்டு சொன்னனீர்? கட்டில் வாறது பிந்தியிட்டுது எண்டு சொல்லியிருக்கலாம்தானே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கடை அம்மா கட்டிலைத் தூக்கவிட்டிருந்தால் நான் ஏன் அங்கை படுக்கிறன்? பொய் சொல்லவும் வேணும், விளக்குக் கொளுத்தவும் வேணும். எல்லாத்தையும் நான் ஒருத்தி செய்யவேணும், நீங்கள் தட்டிலை இருந்து கைதட்டுங்கோ!"

இவர் மெதுவாக, "உமக்குக் கரைச்சல் எண்டால் விடும். நான் வரேல்லை" என்றார்.

அந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டேன். பிறகு சில நாட்களாக எடுக்கவும் இல்லை, இவரும் எடுக்கவில்லை. கோப்பு மூடுவதற்கு முன்னால் இவர் மூடிவிடுவாரோ என்று பயந்தேன்.

வீட்டுக்காரரிடம் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை வாசித்தார். "இவ்வளவுதானா? நான் எழுதித் தர்றேன்" என்று அழகான பிரெஞ்சில் ஓர் அத்தாட்சி எழுதிக் கையெழுத்தும் வைத்தார். இந்தப் பெண் என் வீட்டில் குடியிருக்கிறார், சாவி கொடுத்த நாள் முதல் என்று. சாவி கொடுத்த நாள்!

"ஐயா, அது இன்னொரு திகதி."

"அதான்மா சரியான தேதி. அன்னிலேருந்துதானே வீடு உங்க பேர்ல இருக்கு?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலுக்கு ஒரு பகிடி விட்டார். "நான் வேதக்காரன், எனக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாது. ஆனா ஊர்ல பாத்திருக்கேன், புதுசா கல்யாணம் ஆனவங்கள ஆடில பிரிச்சு வெப்பாங்க, இல்ல?"

"எங்களுக்கு ரெண்டு வருஷமா ஆடிதான் ஐயா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கோப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

ஆவணி பிறந்த முதல் நல்ல நாளில் வான் பிடித்துக் கட்டிலையும் சட்டிபானையையும் கொண்டுபோனேன். செப்டெம்பரில் கந்தோர் திறந்ததும் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா களைத்துப்போயிருந்தார். நான் தள்ளிய தாள்களை ஒவ்வொன்றாக விரித்தார். வீட்டுக்காரரின் அத்தாட்சி ஒரு திகதி சொன்னது. என் படிவம் இன்னொன்று. லாச்சப்பல் அறையின் கடைசி மின்சாரக் கணக்கு மூன்றாவது.

"மேடம், எனக்கு ஒன்று போதும்."

அங்கேதான் எனக்கு உடைந்தது. வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி பிரெஞ்சில் கத்தினேன். "சாவி அன்றைக்கு! பால் அன்றைக்கு! கட்டில் அன்றைக்கு! மூன்றும் நான்தான். எது வேண்டுமோ நீங்களே எடுங்கள், என் கணவரை மட்டும் வரவிடுங்கள்!"

பின்னால் நின்ற ஒருவர் இருமினார். அந்த அம்மா கோபிக்கவில்லை. பேனாவை என் பக்கம் தள்ளினார். "நான் தெரிவு செய்ய முடியாது, கையெழுத்து உங்களுடையது. நேராகச் சொல்லுங்கள். தினமும் இரவில் அங்கே தூங்கத் தொடங்கியது எப்போது?"

கட்டில் போன நாளைச் சொன்னேன். அப்படியென்றால் அதை எழுதுங்கள், பழையதை வெட்டிவிட்டுப் பக்கத்தில் கையெழுத்து வையுங்கள் என்றார். ஆனி கடைசி வெள்ளியின் மேல் கோடு போட்டேன். சின்னக் கோடுதான். ஆனாலும் பொங்கிய பாலை நானே துடைத்தெறிந்துவிட்டது மாதிரி மனம் கெட்டுப்போயிற்று. அன்று பின்னேரமே இவருக்கு எடுத்தேன். கோப்பு நகருகிறது என்றேன். கோடு போட்டதைச் சொல்லவில்லை. இவர், "அண்டைக்குச் சொன்னதை மனசிலை வைச்சிருக்காதையும்" என்றார். நானும் வைத்திருக்கவில்லை என்றேன்.

வீட்டை மறுபடி வந்து பார்த்தார்கள். அதே பெண், கட்டிலைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். பங்குனியில் இவர் ஒரு பெட்டியோடும் மாமி தந்துவிட்ட மிளகாய்த்தூளோடும் வந்திறங்கினார். கதவடியில் நின்று, வலது காலை வைக்கச் சொன்னேன். "திரும்பியும் வைக்கவேணுமோ?" என்று கேட்டார். நான் அப்போது அந்தக் கேள்வியைக் கவனிக்கவில்லை.

பிறகு இவருடைய பத்திரங்களுக்காக இரண்டு பேரும் ஒன்றாகக் கந்தோருக்குப் போனோம். நான்தான் மொழிபெயர்ப்பு. பெயர், பிறந்த ஊர், வேலை எல்லாம் கேட்டுவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞர் கேட்டார், இவர் இந்த விலாசத்தில் எந்தத் திகதியிலிருந்து வசிக்கிறார் என்று. நான் தமிழில் கேட்டேன்.

இவர் யோசிக்கவே இல்லை. "போன வருஷம் ஆனி கடைசி வெள்ளி."

இளைஞர் விசைப்பலகையில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் கீழே இவருடைய காலை மிதித்துவிட்டு, பிரெஞ்சில் இவர் விமானத்தால் இறங்கிய நாளைச் சொன்னேன். அவர் தட்டிக்கொண்டார், ஒரு குழப்பமும் இல்லை. இந்த முறை ஒரே திகதி. கடவுச்சீட்டு முத்திரையும் அதுதான், படிவமும் அதுதான்.

வெளியே வந்து, கந்தோர் இருந்த பொபினியில் ட்ராமுக்குக் காத்து நின்றோம். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் மாதங்களின் பெயரைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"நான் சொன்னதை ஏன் மாத்தினனீர்?"

"நீங்கள் அண்டைக்கு யாழ்ப்பாணத்திலை எல்லோ நிண்டனீங்கள்?"

"நிண்டனான்தான். ஆனால் வலது காலோடை உள்ளை கூட்டிக்கொண்டு போனது நீர்தானே? பால் பொங்கேக்கை சத்தம் போட்டது ஆர்? ராவு முழுக்க நானும் அங்கைதானே கிடந்தனான், நீர் நித்திரையாகின பிறகும் நான் போனை வைக்கேல்லை." பிறகு, "நீர் லாச்சப்பலுக்குத் திரும்பிப் போனீர். நான் எங்கை போனனான்? எனக்கு அண்டையிலை இருந்து அதுதான் வீடு" என்றார்.

நான் கோடு போட்ட வெள்ளிக்கிழமை என்னுடைய வெள்ளிக்கிழமை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்குள் இவர் குடியிருந்தது எனக்குத் தெரியாது. நடுத்தெருவில், ட்ராமுக்கு நிற்கிற சனத்துக்கு முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன்.

இவர் பதறிப்போனார். என்னையும் பார்த்து, கந்தோர் வாசலையும் திரும்பிப் பார்த்து, என் கையிலிருந்த தாள்களை அவசரமாக வாங்கிப் புரட்டினார்.

"என்ன, கோப்பை மூடிப்போட்டினமோ?"

"இல்லை" என்றேன்.